நகலோடு அனுமதியும் செல்லவேண்டும்

விஞ்ஞான ஆராய்ச்சியின் செல்வம் முற்காலத்தில் குறிப்பேடுகளிலும், ஒளிப்படத் தகடுகளிலும், பொருட்காட்சிசாலைப் பேழைகளிலும் சேமித்து வைக்கப்பட்டது. அதன் பெரும்பகுதி இன்று கணிப்பொறிக் கோப்புகளாக இருக்கின்றது. இக்கோப்புகள் ஒரே கணிப்பொறியில் அடங்குவதில்லை. எனவே அவற்றைப் பல கணிப்பொறிகளிற் பரப்பி வைத்து, உபயோகிப்போரின் கண்ணுக்கு ஒரே பண்டகசாலை போலத் தோன்றுமாறு செய்கின்றனர். இவ்வேற்பாட்டிற்குப் பரவல் கோப்பு முறை என்று பெயர். பல்கலைக்கழகங்களிலும், வானிலை ஆராய்ச்சி நிலையங்களிலும், மருத்துவ ஆராய்ச்சிக் கூடங்களிலும் இம்முறை இன்றியமையாத சாதனமாகிவிட்டது.

இத்தகைய பண்டகசாலையிடம் அதனை உபயோகிப்போர் இரண்டு கோரிக்கைகளை வைக்கின்றனர். கோப்புகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு விரைவாக நகலெடுத்துத் தரவேண்டும் என்பது ஒன்று. உரியவரைத் தவிர மற்றவர் அவற்றைத் திறத்தலாகாது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்னும் எண்ணம் கணிப்பொறி நிர்வாகிகள் பலரிடையே வேரூன்றியுள்ளது. நகலெடுப்பது தாமதமானால் முதலிற் பழி சுமப்பது அனுமதிச் சோதனையே. வேலை அவசரமானால் முதலிற் கைவிடப்படுவதும் அதுவே. இவ்வெண்ணம் தவறானது. தாமதத்திற்குக் காரணம் அனுமதியன்று; அனுமதியைக் கேட்கும் முறையே. அனுமதியை விட்டுவிட்டு எடுக்கப்பட்ட நகல், எவ்வளவு விரைவாக எடுக்கப்பட்டதாயினும், முழுமையான நகல் ஆகாது.

அனுமதி என்பது யாது?

யூனிக்ஸ் மரபைப் பின்பற்றும் கணிப்பொறிகளில் ஒவ்வொரு கோப்பிற்கும் உடையவர் ஒருவர் உண்டு. அவர் சார்ந்த குழு ஒன்றும் உண்டு. உடையவர், குழுவினர், ஏனையோர் ஆகிய மூவகையினருக்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் மூன்று உரிமைகள் தனித்தனியே வழங்கப்படுகின்றன, அல்லது மறுக்கப்படுகின்றன. இவ்வாறு 9 சிறு குறிகளில் ஒரு கோப்பின் அணுகல் அனுமதி அடங்கிவிடுகிறது. இது போதாதவிடத்து, இன்னார்க்கு இன்ன உரிமை என்று பெயர் பெயராகக் கூறும் அனுமதிப் பட்டியல் ஒன்றும் கோப்புடன் இணைக்கப்படுகிறது.

இக்குறிகள் அற்பமானவை போலத் தோன்றலாம். ஆனால் இவற்றின் பின்னே மனிதர் மனிதருக்கு அளித்த வாக்குறுதி இருக்கின்றது. இதற்குச் சிறந்த உதாரணம் இந்தியாவிலேயே உண்டு. மத்திய அரசாங்கத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2020இல் தொடங்கிய ஜீனோம் இந்தியா திட்டத்தின்கீழ், நாட்டின் பல மக்கட் பிரிவுகளைச் சேர்ந்த 10,000 பேரின் மரபணுத் தொகுதி முழுவதும் படித்தறியப்பட்டது. 2025 ஜனவரியில் இத்தரவு ஆராய்ச்சியாளருக்குத் திறந்துவிடப்பட்டபோது, அது எவரும் எடுத்துச்செல்லும் பொதுச் சொத்தாக்கப்படவில்லை; ஃபரீதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் வைக்கப்பட்டு, ஒப்புதல் பெற்ற ஆராய்ச்சியாளருக்கு வரையறுக்கப்பட்ட முறையில் வழங்கப்படுகிறது. தம் குருதியைக் கொடுத்தவர்கள் ஒரு காரியத்திற்கென்று சம்மதித்துக் கொடுத்தனர். அச்சம்மதம் காகிதத்தில் கையொப்பமாக இருந்தது. கணிப்பொறிக்குள் அது அணுகல் அனுமதியாக உருக்கொள்கிறது. அனுமதியை உதிர்த்துவிட்டுக் கோப்பை மட்டும் நகலெடுப்பவர், சம்மதத்தை விட்டுவிட்டுக் குருதியை மட்டும் எடுத்துச்செல்பவரை ஒப்பர். தனிமனிதரின் டிஜிட்டல் தரவைப் பாதுகாப்பதற்கெனப் பாராளுமன்றம் 2023இல் சட்டமியற்றிய பின்னர், இது வெறும் நாகரிகத்தைப் பற்றிய கேள்வியாக மட்டும் நின்றுவிடவில்லை.

தாமதம் எங்கே பிறக்கின்றது?

ஓர் எளிய கணக்கு உண்மையைத் தெளிவாக்கும். ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் 10 லட்சம் சிறு கோப்புகள் இருப்பதாகக் கொள்வோர், ஒவ்வொன்றும் 4,096 பைட் அளவுடையதெனின், மொத்தம் ஏறத்தாழ 410 கோடி பைட் என்று காண்பர். விநாடிக்கு 12.5 கோடி பைட்டுகளைச் சுமக்கவல்ல சாதாரண வலைப்பின்னல் இச்சுமையை 33 விநாடிகளில் கடத்திவிடும். ஆனால் நடைமுறையில் அவ்வாறு நிகழ்வதில்லை.

கோப்பை உண்டாக்குக, உள்ளடக்கத்தை எழுதுக, உடையவர் பெயரைக் குறிக்க, அனுமதியைக் குறிக்க, கோப்பை மூடுக என ஒவ்வொரு கோப்பிற்கும் ஐந்து கட்டளைகள் செல்கின்றன. ஒவ்வொன்றிற்கும் விடை வந்த பின்னரே அடுத்தது புறப்படுகிறது. ஒரு கட்டளை சேவைக் கணிப்பொறிக்குச் சென்று விடையுடன் திரும்ப அரை மில்லி விநாடி ஆகுமெனின், 50 லட்சம் பரிமாற்றங்களுக்கு 2,500 விநாடிகள், அதாவது சுமார் 42 நிமிஷங்கள் தேவைப்படும். 33 விநாடி வேலை 42 நிமிஷ வேலையாக நீண்டது இவ்வாறுதான்.

இனி, அவசரக்கார நிர்வாகி ஒருவர் உடையவர் பெயரையும் அனுமதியையும் குறிக்கும் இரண்டு கட்டளைகளையும் நீக்கிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். 17 நிமிஷங்கள் மிச்சமாகும். ஆயினும் எஞ்சிய வேலை 25 நிமிஷங்கள் பிடிக்கும். 33 விநாடிக்கு அது இன்னமும் வெகு தூரம். வேறொரு நிர்வாகி எந்தக் கட்டளையையும் நீக்காமல், ஐந்தையும் ஒரே கட்டாகக் கட்டி ஒரே முறையில் அனுப்புகிறார். அப்பொழுது 10 லட்சம் பரிமாற்றங்களே தேவை. காலம் 500 விநாடி, அதாவது 8 நிமிஷத்திற்குச் சற்று அதிகம். இவ்வேலையை ஒரே சமயத்தில் 16 கிளைகளாகப் பிரித்து நடத்த இடமுண்டெனின், கட்டளைகளுக்காகக் காத்திருக்கும் காலம் 31 விநாடியாகச் சுருங்கிவிடும். அனுமதியைக் கைவிட்டவர் பெற்றதைக் காட்டிலும், கைவிடாதவர் பெற்ற லாபம் பன்மடங்கு பெரியது.

தொலைவு கூடுந்தோறும் இவ்வுண்மை மேலும் தெளிவாகிறது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். புது டில்லிக்கும் சென்னைக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 1,750 கிலோமீட்டர். ஒருமுறை போய்வரக் குறைந்தது 17.5 மில்லி விநாடி ஆகும். இதனைக் குறைக்க எந்த யந்திரத்தாலும் இயலாது. மேற்கூறிய 50 லட்சம் பரிமாற்றங்களை இத்தொலைவில் ஒவ்வொன்றாக நடத்தினால் ஒரு முழு நாளும் போதாது. அனுமதிக் கட்டளைகளை நீக்கினாலும் 14 மணிக்கு மேல் ஆகும். ஆகவே பரிமாற்றங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதொன்றே வழி.

பிட்ஸ்பர்க் நகரில் கற்ற பாடம்

இவ்வுண்மை புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னெகி மெலன் பல்கலைக்கழகமும் ஐ.பி.எம். நிறுவனமும் 1982இல் கூட்டாக ஒரு தொழில்நுட்ப மையத்தை நிறுவின. பல்கலைக்கழகம் முழுவதற்கும் பொதுவான கோப்பு முறை ஒன்றை அமைப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. அப்பல்கலைக்கழகத்தின் புரவலர்களான ஆண்ட்ரூ கார்னெகி, ஆண்ட்ரூ மெலன் ஆகிய இருவரின் பெயரால் அது ஆண்ட்ரூ கோப்பு முறை எனப்பட்டது. அதனை வகுத்த நிபுணர்களுள் முதன்மையானவர் மகாதேவ் சத்தியநாராயணன்; சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர்.

மாணவர்களின் மேசைக் கணிப்பொறிகளை நம்பலாகாது என்பதே இம்முறையின் அடிப்படைக் கொள்கை. அனுமதி உண்டா இல்லையா என்பதைச் சேவைக் கணிப்பொறியே தீர்மானிக்கும். கோப்பைத் திறப்பவரின் கணிப்பொறிக்கு அதன் பிரதி ஒன்று அனுப்பப்பட்டு, அங்கேயே வைத்து உபயோகிக்கப்படும்.

இதன் முதல் வடிவம் எதிர்பார்த்த வேகத்தைத் தரவில்லை. காரணத்தை ஊகிக்காமல் அளந்தறிய முற்பட்டனர். சேவைக் கணிப்பொறிகளுக்கு வந்த வேண்டுகோள்களை எண்ணிப் பார்த்தபோது, நூற்றுக்கு 61.7 பங்கு 'என் கையிலுள்ள பிரதி இன்னும் செல்லுமா?' என்னும் வினாவாக இருந்தது. கோப்பின் நிலை விவரங்களைக் கேட்கும் வினா 26.8 பங்கு. கோப்புகளைக் கொணர்தலும் திருப்பி எழுதுதலுமாகிய உண்மையான வேலையோ 6 பங்கு அளவே. சேவைக் கணிப்பொறிகள் வேலை செய்து களைக்கவில்லை; ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்ப விடையளித்தே களைத்தன.

பரிகாரம் எளிமையானது. கேட்பவர் ஒவ்வொரு முறையும் கேட்பதற்குப் பதிலாக, மாறுதல் நேர்ந்தால் சேவைக் கணிப்பொறியே அறிவிப்பதாக வாக்களித்தது. அவ்வறிவிப்பு வரும் வரையில் கையிலுள்ள பிரதி செல்லும். அனுமதிப் பட்டியல் கோப்புக்கொன்றாக இன்றிக் கோப்பகத்திற்கு ஒன்றாக, படித்தல், பார்வையிடுதல், சேர்த்தல், நீக்குதல், எழுதுதல், பூட்டுதல், நிர்வகித்தல் என்னும் 7 உரிமைகளுடன் அமைந்திருந்தமையும் சுமையைக் குறைக்க உதவியது. சுமார் 70 கோப்புகளை நகலெடுத்து, படித்து, தொகுத்துப் பார்க்கும் ஒரு சோதனையைத் தனிக் கணிப்பொறியில் நடத்துவதைக் காட்டிலும், பழைய வடிவம் 70 சதவீதம் அதிக நேரம் எடுத்துக்கொண்டது. புதிய வடிவம் 19 சதவீதமே அதிகம் எடுத்தது. இம்முடிவுகள் 1988இல் வெளியாயின. இவ்வளவு முன்னேற்றமும் அனுமதிச் சோதனையைத் தளர்த்தாமலே கிட்டியது என்பது கருதத்தக்கது. இம்முறையை ஆக்கியோருக்கு 2016ஆம் ஆண்டிற்குரிய ஏ.சி.எம். மென்பொருள் விருது வழங்கப்பட்டது.

பின்னர் வந்தவையும் இவ்வழியிலேயே சென்றன. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1980களின் நடுவில் வெளியிட்ட என்.எஃப்.எஸ். முறையின் மூன்றாம் வடிவம் 1995இல் வந்தபோது, ஒருவருக்கு ஒரு கோப்பில் என்னென்ன உரிமைகள் உள்ளன என்பதை ஒரே வினாவில் கேட்டறியும் கட்டளை சேர்க்கப்பட்டது. நான்காம் வடிவம் பல கட்டளைகளை ஒரே கட்டாக அனுப்ப இடமளித்தது. 2016இல் தரப்படுத்தப்பட்ட 4.2 வடிவத்தில், ஒரு சேவைக் கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்பை நேராகவே நகலெடுக்கும் வசதி வந்தது. அதிலும் அனுமதி மறக்கப்படவில்லை: இன்ன கணிப்பொறி இக்கோப்பை எடுத்துக்கொள்ள வருகிறது என்று உபயோகிப்பவர் மூலக் கணிப்பொறிக்கு முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும்.

இந்நெறியைப் புறக்கணித்து, பின்னர் திருத்திக்கொண்ட உதாரணமும் உண்டு. 2006இல் தோன்றிய ஹடூப் கோப்பு முறையில், கோப்புகளின் பெயர்ப் பதிவேட்டைக் காக்கும் தலைமைக் கணிப்பொறி ஒன்றும், உள்ளடக்கத்தைத் துண்டுகளாகச் சேமிக்கும் கணிப்பொறிகள் பலவும் உள்ளன. ஆரம்ப காலத்தில், துண்டின் எண்ணை அறிந்த எவரும் சேமிப்புக் கணிப்பொறியிடமிருந்து அதனை நேரே பெற்றுவிட முடிந்தது. பிற்பாடு, தலைமைக் கணிப்பொறி அனுமதியை ஒருமுறை சோதித்துக் காலவரையறையுள்ள சீட்டு ஒன்றை வழங்கவும், சேமிப்புக் கணிப்பொறி அச்சீட்டின் முத்திரையை மட்டும் சரிபார்க்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது. பண்டகசாலைக் காவலன் ஒவ்வொரு மூட்டைக்கும் மேலதிகாரியிடம் ஓடாமல், வாயிலில் சீட்டைப் பார்த்து வண்டியை உள்ளே விடுவது போன்றதே இது.

அவசரத்தின் விலை

இவ்வளவு வழிகள் இருந்தும், நகலெடுக்கும்போது அனுமதி தொலைந்துபோவது அன்றாட நிகழ்ச்சியாகவே இருக்கின்றது. பொதுவாக வழங்கும் நகலெடுக்கும் கட்டளை, அனுமதியையும் காக்குமாறு தனியே சொன்னாலன்றி, புதிய கோப்பின் உடைமையை நகலெடுத்தவர் பெயரிலேயே பதிந்துவிடுகிறது. தலைமை நிர்வாகியின் பெயரால் நகலெடுத்தால் எல்லாக் கோப்புகளும் அவருடையனவாகிவிடும். மறுநாட் காலையில் ஆராய்ச்சியாளர் தம் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று முறையிடுவார். அவரைச் சமாதானப்படுத்த எல்லாக் கோப்புகளும் எல்லாருக்கும் திறந்துவிடப்படும். தற்காலிகம் என்று செய்யப்பட்ட அவ்வேற்பாடு ஆண்டுக்கணக்கில் நிலைத்துவிடும்.

மற்றொரு வகை ஆபத்து இதனினும் நுட்பமானது. கணிப்பொறிகள் பல, உபயோகிப்பவரைப் பெயரால் அறியாமல் எண்ணால் அறிகின்றன. ஒரு நிலையத்தில் 1,205 என்னும் எண் நோயாளிகளின் பதிவேட்டைக் காக்கும் மருத்துவரைக் குறிக்கலாம். வேறொரு நிலையத்தில் அதே எண் புதிதாகச் சேர்ந்த மாணவரைக் குறிக்கலாம். எண்களோடு நகலெடுக்கப்பட்ட கோப்புகள் இடம் மாறியவுடன் உரிமையும் ஆள் மாறிவிடுகிறது. அனுமதி காக்கப்பட்டது என்று ஏடுகள் கூறும். உண்மையிலோ அது வேறொருவர் கையிற் கொடுக்கப்பட்டிருக்கும். முதலில் எல்லாக் கோப்புகளையும் திறந்த நிலையில் நகலெடுத்துவிட்டு, இறுதியில் ஒரேயடியாக அனுமதியைக் குறிக்கும் வழக்கமும் இத்தகையதே. இடைப்பட்ட நேரத்தில் கோப்புகள் காவலின்றிக் கிடக்கின்றன. வேலை பாதியில் நின்றுவிட்டால் அவ்வாறே கிடந்துவிடுகின்றன.

மறுதரப்பில் கூறப்படுவதிலும் நியாயம் இல்லாமலில்லை. ஒரே குழுவினர் மட்டும் உபயோகிக்கும் சிறு கூடத்தில் நுணுக்கமான அனுமதிப் பட்டியல்கள் வீண் சுமையே. ஆண்ட்ரூ முறையின் எளிமைக்கும் விலை உண்டு. அங்கே கோப்பு எந்தக் கோப்பகத்திற்குச் சென்றதோ அக்கோப்பகத்தின் அனுமதியையே பெறும், ஆகவே பொதுக் கோப்பகத்தில் தவறி இட்ட இரகசியக் கோப்பு பொதுவாகிவிடும். அனுமதி வழங்குவதில் அலுவலகங்கள் காட்டும் தாமதமும் ஒரு குறையே. ஒரு கோப்பைப் படிக்க மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தால், உபயோகிப்போர் கடவுச்சொற்களைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளத் தொடங்குவர். அதன்பின் எந்தச் சோதனையும் பயன்படாது. எனினும், இவை அனுமதியைச் செம்மையாக அமைப்பதற்குரிய காரணங்களே அன்றி, அதனைக் கைவிடுவதற்குரிய காரணங்கள் ஆகா.

செய்யவேண்டுவன

மத்திய அரசாங்கம் 2015இல் தொடங்கிய தேசிய மீக்கணிப்பொறித் திட்டத்தின் பயனாக, வாராணசியில் 2019இல் நிறுவப்பட்ட பரம் சிவாய் முதலாகப் பல கல்வி நிலையங்கள் பெரிய கணிப்பொறிகளைப் பெற்றுள்ளன. தேசிய அறிவு வலைப்பின்னல் ஆராய்ச்சி நிலையங்களை ஒன்றோடொன்று இணைத்துள்ளது. தரவு ஊர்விட்டு ஊர் செல்வது இனிப் பெருகுமேயன்றிக் குறையாது. ஆதலின் இந்நிலையங்கள் நான்கு விதிகளைக் கைக்கொள்ளுதல் நலம்.

முதலாவதாக, சேமிப்புச் சாதனங்களை விலைக்கு வாங்கும்போது, பெரிய கோப்பு ஒன்றை எவ்வளவு வேகமாக நகலெடுக்கும் என்று மட்டும் கேட்டல் போதாது. 10 லட்சம் சிறு கோப்புகளை, உடையவர் பெயரும் அனுமதிப் பட்டியலும் குன்றாமல் நகலெடுக்க எவ்வளவு காலம் ஆகும் என்றும் கேட்கவேண்டும். 2017 முதல் வெளிவரும் ஐ.ஓ.500 என்னும் உலகத் தரவரிசை, தரவின் வேகத்தோடு, கோப்புகளை உண்டாக்குதல், விவரமறிதல், நீக்குதல் ஆகியவற்றின் வேகத்தையும் சேர்த்து மதிப்பிடுகிறது. அது நல்ல தொடக்கம். ஏலக் குறிப்புகள் இன்னும் ஓரடி முன்னே செல்லவேண்டும்.

இரண்டாவதாக, நகலின் உள்ளடக்கம் மூலத்தோடு ஒத்துள்ளதா என்று சரிபார்ப்பது போலவே, அனுமதியும் ஒத்துள்ளதா என்று சரிபார்த்தல் அவசியம். அது முடியும் வரையில் புதிய இடம் நிர்வாகியைத் தவிர மற்றவருக்கு மூடப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவதாக, நிலையங்களுக்கிடையே செல்லும் கோப்புகள் எண்ணால் அன்றிப் பெயரால் உரிமை குறிக்கப்பெற வேண்டும். பெயர்ப் பதிவேடு பொதுவாக இருப்பின், ஒரு மருத்துவர் எந்த ஊர்க் கணிப்பொறியிலும் அதே மருத்துவராகவே அறியப்படுவார்.

நான்காவதாக, நெடுந்தொலைவுக்குச் செல்லும் சிறு கோப்புகளை ஒரே பொதியாகக் கட்டி அனுப்புதல் நன்று. 1979 முதல் யூனிக்ஸ் முறையில் உள்ள டார் என்னும் எளிய கருவி, ஒவ்வொரு கோப்பின் உடையவரையும் அனுமதியையும் பொதிக்குள்ளேயே பதிந்து வைக்கிறது. மேலே கண்ட 10 லட்சம் கோப்புகளை இவ்வாறு பொதியாக்கினால், டில்லிக்கும் சென்னைக்கும் இடையே ஒரு நாளுக்கு மேற்பட்ட பயணம், வலைப்பின்னலின் வேகம் குன்றாதிருப்பின், ஒரு நிமிஷத்திற்குள் முடிந்துவிடும். இதற்குப் புதிய யந்திரம் எதுவும் வேண்டுவதில்லை; பொதியைக் கட்டவும் பிரிக்கவும் சற்று நேரமும், பயிற்சி பெற்ற ஊழியரும் போதும்.

நீதிமன்றத்தில் பெறும் ஆவண நகலில் முத்திரை இல்லையேல் அதனை எவரும் நகலாக ஏற்பதில்லை. எழுத்துகள் அனைத்தும் சரியாக இருப்பினும், அது வெறுங் காகிதமே. கணிப்பொறிக் கோப்பிற்கும் இவ்விதி பொருந்தும். இது யாருக்கு உரியது, யார் பார்க்கலாம் என்பதைத் தன்னுடன் சுமந்து வராத கோப்பு, கடைசிப் பைட் வரையில் பிழையின்றி வந்து சேர்ந்திருப்பினும், முழுதாக வந்து சேர்ந்ததாகாது. வேகத்தை அளக்கும் கடிகாரம், அனுமதியும் வந்து சேர்ந்த பின்னரே நிறுத்தப்பட வேண்டும்.